பாலத்து அரக்கனின் பலம்

நாகஓகா
20 நவம்பர் 1996

தம்பி தெட்சுவுக்கு,

மலைப்பக்கம் வெளுத்துவிட்டது, ஊருக்குள் இன்னும் பனி இறங்கவில்லை. சாலையில் பனி கரைக்கும் குழாய்களை நகராட்சி ஆட்கள் திறந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அச்சகத்தில் குனிந்தே வேலை செய்யாதே. நான் நலம். உன் அத்தான் இந்த மாதமும் சென்டாயிலிருந்து வரவில்லை, வேலையாம்.

ஞாயிறு இரவு சாயோ போன் செய்தாள். "அம்மா, அஸாமி செத்துட்டா" என்றாள். யாரோ உங்கள் ஊர்த் தோழி என்று பதறிப்போனேன். உங்கள் விளையாட்டில் அவள் ஏற்று நடிக்கும் ஈட்டிக்காரிதான் அஸாமி என்பது பிறகுதான் உறைத்தது. "எப்படிம்மா?" என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் நீதான் எடுத்தாய், "தூங்குறாக்கா" என்றாய்.

தெட்சு, பதினைந்து வயதில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்தியவள் அவள். மூன்று வருடம் நான் தட்டில் சோறு வைத்துக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உன் ஊருக்கு வந்த பிறகுதான் வெளியே தலை காட்டினாள். சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மனிதர்களோடு உட்கார்ந்து சிரித்தாள். போன வருடம் ஏப்ரலில் உங்கள் இரண்டு பேரையும் ரயில் ஏற்றிவிட்டபோது உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த விளையாட்டிலயாவது அவ தோத்துப் போகாம பாத்துக்கோடா" என்றேன். நீ தலையாட்டினாய்.

பிறகு ஏன் அஸாமி செத்தாள்?

குளிர் ஏறுகிறது. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

அக்கா ஃபுமியே


கனஸாவா
29 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வருடக் கடைசி என்பதால் வாழ்த்து அட்டை அச்சிடும் வேலை குவிந்து கிடக்கிறது. இங்கே கடல் மேல் இடி இடிக்கத் தொடங்கிவிட்டது. பூங்காவில் பைன் மரங்களுக்கெல்லாம் கயிறு கட்டியாகிவிட்டது. கழுத்து பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி?

நடந்ததைச் சொல்கிறேன். இந்த விளையாட்டில் நான் கதையை நடத்துகிறவன். எதிரில் என்ன நிற்கிறது, அது எவ்வளவு பலசாலி என்பதெல்லாம் நான் வைப்பது. ஆடுகிறவர்கள் என்ன செய்வதென்று அவர்களே முடிவு செய்வார்கள். அடி விழுமா விழாதா என்பதை இரண்டு பகடைகள் சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் பெரிய அடி.

அன்று அவர்கள் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டியிருந்தது. பாலத்தில் ஓர் அரக்கன். எங்களோடு ஆடும் தபால்காரர் குராமோச்சியின் வில்லாளிக்கும், பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஹோரியேயின் மந்திரக்காரிக்கும் வழி விட்டு அஸாமி முன்னால் நின்றாள். பகடை இரண்டும் ஆறு ஆறாக விழுந்தன. அழகான சாவு அக்கா. மற்ற இருவரும் பிழைத்தது அவளால்தான்.

சாயோ சாப்பிடுகிறாள், வழக்கம்போல வேலைக்குப் போகிறாள். கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெட்சுயா


நாகஓகா
3 டிசம்பர்

தெட்சுவுக்கு,

முதல் பனி விழுந்தது. முழங்காலைக் கேட்டிருந்தாய், முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

அழகான சாவு என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மதிய உணவு நேரத்தில் மருந்தறையில் உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. மூன்று வருடம் சாத்திய கதவின் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு எழுதுகிற வார்த்தையா அது?

நான் நாள் முழுக்க மருந்து நிறுக்கும் தராசின் முன்னால் நிற்பவள். குழந்தைக்கு எழுதிய சீட்டு வந்தால் முதலில் எடையைப் பார்ப்போம். எடை எழுதாமல் விட்டிருந்தால் எந்தப் பெரிய டாக்டராக இருந்தாலும் போன் செய்து கேட்போம். பெரியவர்களுக்கான தூளைக் குழந்தை வாயில் போட்டுவிட்டு, "பகடை அப்படி விழுந்தது" என்று எங்களால் சொல்ல முடியாது. உன் அரக்கன் எவ்வளவு பெரியவன் என்று வைத்தது நீ. யார் வாயில் போடுகிறோம் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. உன் பகடையை மற்றவர்கள் பார்க்க முடியாது. உன் முன்னால் அட்டைத் தடுப்பு இருக்கிறது. ஆகஸ்டில் நான் வந்திருந்தபோது தர்பூசணி வெட்டிக்கொண்டு உங்கள் கூடத்துக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். தடுப்புக்குப் பின்னால் ஐந்தும் ஆறும் விழுந்து கிடந்தன. நீ நிமிர்ந்து, "ஏழு. ஈட்டியைச் சாய்ச்சுத் தடுத்துட்டா அஸாமி" என்றாய். சாயோ கைதட்டினாள். உன் முதுகைத் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறான் என்று ரயிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்டில் பதினொன்றை ஏழாக்கத் தெரிந்தவனுக்கு நவம்பரில் என்ன வந்தது? உன் ஊரில் மரத்துக்குக்கூட, பனி கிளையை ஒடித்துவிடக் கூடாதென்று கயிறு கட்டுகிறார்கள். அதை எனக்கே எழுதுகிறாய்.

பதில் போடு. சீக்கிரம் போடு. சளி பிடிக்காமல் இரு.

அக்கா


கனஸாவா
12 டிசம்பர்

அக்காவுக்கு,

மழையும் ஆலங்கட்டியும் மாறி மாறி. நான் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

அன்று தடுப்பு இல்லை. எல்லோரும் பார்க்க மேஜை நடுவில் உருட்டினேன். ஆடுகிறவர்கள் அப்படிக் கேட்டார்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த பன்னிரண்டை ஏழு என்று சொல்ல முடியாது.

சாயோ இன்னும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு வரவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போல. வேலைக்குப் போய் வருகிறாள்.

வருடக் கடைசி அவசரத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தெட்சுயா


நாகஓகா
14 டிசம்பர்

தெட்சுயா,

வானிலையும் நலம் விசாரிப்பும் இந்தக் கடிதத்தில் இல்லை. அம்மா உயிரோடு இருந்தால் இப்படிக் கடிதம் தொடங்குவதற்கே திட்டியிருப்பாள். திட்டட்டும்.

சாப்பாட்டுக் கடைக்குப் போன் செய்தேன். கடைக்கார அம்மாள் சொன்னது இது: "அந்தப் பொண்ணா? அவ வந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சே. உடம்பு சரியில்லன்னு அவங்க மாமாதான் வந்து சொல்லிட்டுப் போனாரு. எப்படிம்மா இருக்கா இப்போ?"

அவள் தாயிடம் கேட்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று. "பரவாயில்லங்க" என்று சொல்லி வைத்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டாள், இல்லையா? நீ தட்டு வைக்கிறாய். எனக்கு மட்டும் "வழக்கம்போல" என்று எழுதுகிறாய். மேஜையில் தடுப்பை எடுத்துவிட்டதாகச் சொல்கிறாய். எனக்கு எழுதும்போது அதை எடுத்து நிறுத்திக்கொள்கிறாய். பதினொன்று விழுந்தால் ஏழு என்று என்னிடமும் சொல்கிறாய். நான் உன் மருமகள் இல்லை. எனக்கு எண் வேண்டும்.

இருபத்தொன்பதாம் தேதி வந்து அவளை அழைத்துப் போகிறேன். துணிமணிகளைக் கட்டி வை.

ஃபுமியே


கனஸாவா
17 டிசம்பர்

அக்காவுக்கு,

நீ நலம் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள். பனி வாரும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடு.

ஆமாம், கதவு சாத்தியிருக்கிறது. தட்டு வைக்கிறேன். பாதி காலியாகித் திரும்பி வருகிறது. குளிக்க இறங்குகிறாள், பேசுவதில்லை. உனக்குப் பொய் எழுதினேன். கேட்டாய் அல்லவா, இதுதான் எண். மீதியையும் கேட்டுக்கொள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஒரு குகை வாசலில் நின்றார்கள். யார் முதலில் நுழைவது என்று பேச்சு.

"சாயோ போகட்டும்யா," என்றார் குராமோச்சி. "அவளைத் தொடுற தைரியம் எந்த அரக்கனுக்கு இருக்கு? நடத்துறவரு மருமக ஆச்சே. அவ பக்கம் வர்ற அம்பு பாதி வழியில யோசிச்சுட்டு என் மேல பாயுது."

"சும்மா இருங்க குராமோச்சி," என்றார் ஹோரியே. "ஆரஞ்சை உரிச்சுத் தின்னுங்க."

"என்னங்க தப்பாச் சொல்லிட்டேன்? ஒன்றரை வருஷமா என் ஆள் மூணு பேரு செத்தாச்சு. இவளுக்கு ஒரு கீறல் உண்டா?"

சாயோவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது கேட்டாள்.

"மாமா, எனக்கு ஏன் அடியே படல?"

"பகடை அப்படி விழுது."

"பகடையா, நீங்களா?"

நான் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு சொல்லி செஞ்சீங்க? நீங்களா செய்யமாட்டீங்க. உங்களுக்கு அவ்வளவு அக்கறை கிடையாது."

"உங்கம்மா கேட்டா," என்றேன்.

அவள் கிண்ணத்தை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தாள். அடுத்த வாரம் மேஜைக்கு வந்ததும் அட்டைத் தடுப்பை அவளே மடித்துச் சுவரோரம் சாத்தினாள். "இனிமே எல்லாரும் பாக்க உருட்டுங்க மாமா," என்றாள்.

இதற்கு மேல்தான் என் தப்பு. ஒன்றரை வருடம் எண்ணைக் குறைத்துக் குறைத்துச் சொன்னேனா, அவர்கள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். ஜெயிக்கிறவர்களுக்குச் சின்ன எதிரியை வைத்தால் அலுத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரியதாக வைத்தேன். அவர்கள் ஜெயித்ததை வைத்தே அடுத்த எதிரிக்கு அளவு எடுத்தேன். அந்த ஜெயமெல்லாம் நான் செய்து கொடுத்தது என்பதை நானே மறந்துபோனேன். பாலத்து அரக்கன், உண்மையில் இல்லவே இல்லாத ஒரு பலசாலிக் கூட்டத்துக்காக நான் அளந்து வைத்தவன். தடுப்பு இல்லாமல் அவன் அடித்த முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது மாற்றவும் வழியில்லை.

அவர்கள் ஓடியிருக்கலாம். பின்னால் பாதை திறந்துதான் இருந்தது. ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஓட வேண்டிய நிலைமையை நான் அவர்களுக்குக் காட்டியதே இல்லை. ஆறு ஆறு விழுந்தபோது சாயோ என் முகத்தைப் பார்த்தாள். நான் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ தராசைப் பற்றி எழுதினாய். சீட்டில் எடை இல்லையென்றால் டாக்டரிடம் கேட்போம் என்றாய். அவளிடம் கேட்டாயா அக்கா? அவளால் எவ்வளவு தாங்க முடியும் என்று ஒரு நாளாவது அவளைக் கேட்டாயா? ரயில் நிலையத்தில் என்னிடம் கேட்டாய், அவள் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நானும் மடையன், தலையாட்டினேன்.

அழைத்துப் போவதானால் வா. துணிமணியை நான் கட்டமாட்டேன். அவள் கதவை நீயே தட்டு.

நல்ல புத்தாண்டாக அமையட்டும் உனக்கு.

தெட்சுயா


நாகஓகா
26 ஜனவரி 1997

தெட்சுவுக்கு,

கூரையில் இடுப்பளவு பனி. பக்கத்து வீட்டுப் பையன் வாரினான். முழங்கால் நன்றாக இல்லை. புத்தாண்டு அட்டை அனுப்பாததற்கு மன்னித்துக்கொள்.

இருபத்தொன்பதாம் தேதி புறப்பட்டேன். பாதி வழியில், ரயில் மாற வேண்டிய நவோஎட்சுவில் இறங்கினேன். நடைமேடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எதிர்ப்பக்க ரயிலில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று நீ கேட்க வேண்டாம், நான் எழுதவும் போவதில்லை.

உன் மேல் எனக்குள்ள கோபம் இது. பாத்திரம் கழுவும்போது நீ என் பெயரைச் சொன்னாய். தலையாட்டியவன் நீ, உருட்டியவன் நீ, எண்ணை மாற்றிச் சொன்னவன் நீ. மாட்டிக்கொண்டதும் "உங்கம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நீ விழுங்கியிருக்கலாம். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னிடம் போனில் பேசத் தொடங்கியிருந்தாள், தெட்சு. வாரம் ஐந்து நிமிடம். அதை நீ எடுத்துக்கொண்டாய்.

மறுபடியும் அதே ரயில் நிலையத்தில் நின்றால் நான் மறுபடியும் அதையேதான் கேட்பேன். நீ அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. இப்போது இரண்டு மாதம் உட்கார்ந்திருப்பாய், கொஞ்சம் தெரிந்திருக்கும்.

அவளுக்குப் பிடித்த கார அரிசிக் கொறிப்பு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பினேன் என்று சொல்லாமல் தட்டில் வை.

எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம். சொல்லிவிட்டே கொடு.

குழாய் உறைந்துவிடாமல் இரவில் தண்ணீரைச் சொட்ட விடு.

அக்கா


கனஸாவா
8 பிப்ரவரி

அம்மாவுக்கு,

கொறிப்பு வந்தது. முன்பு இருந்த காரம் இல்லை. இதிலும் குறைத்துப் போடச் சொன்னாயா?

நீ மாமாவுக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் மாமா படியில் வைத்துவிட்டுப் போனார். படித்தேன். நான் செத்துப்போன மாதிரி இரண்டு பேரும் எழுதிக்கொள்கிறீர்கள். செத்தது அஸாமி.

அவள் செத்ததற்காக நான் கதவைச் சாத்தவில்லை. ஒன்றரை வருடத்தில் எனக்குப் பதினாறு ஜெயம். ராத்திரி படுத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்ப்பேன். பள்ளிக்குப் போக முடியாதவள், தேர்வு எழுத முடியாதவள், ஆனால் ஓநாய்க் கூட்டத்தின் நடுவில் நின்றவள் என்று. அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. அதில் எது என்னுடையது என்று இப்போது எனக்கே தெரியாது. ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். நீ என்னைக் காப்பாற்றவில்லை, அம்மா. என்னிடம் இருந்ததை எடுத்துக்கொண்டாய்.

முதல் பத்து நாள் சும்மா படுத்துக் கிடந்தேன். அதற்குப் பிறகு அந்த அரக்கனையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு முன்னால் வந்தவர்களையெல்லாம் மாமா தேய்த்துத் தேய்த்துச் சின்னவர்களாக்கினார். அதற்குப் பதிலாக வேறென்ன செய்திருக்கலாம் என்று யோசித்தேன். இப்போது அந்தப் பாலத்தை நானே புதிதாகப் போட்டிருக்கிறேன். அரக்கனின் பலத்தில் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. அவன் எவ்வளவு பயங்கரமானவன் என்பது வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்படி மட்டும் வழியை அமைத்தேன். பார்த்துவிட்டுப் போவதா திரும்புவதா என்பது அவர்கள் பாடு.

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டில் ஆடுகிறோம். நடத்தப்போவது நான். நீ வா. பார்ப்பதற்கு இல்லை, ஆடுவதற்கு. தடுப்பு கிடையாது. உனக்காக எதையும் மாற்றமாட்டேன். மாமாவிடம் சொல்லி மாற்றவும் முடியாது.

சாப்பாட்டுக் கடையில் என்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. வேறு இடம் தேடுகிறேன்.

சாயோ


நாகஓகா
13 பிப்ரவரி

சாயோவுக்கு,

காரத்தை நான் குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கடையில் கிழவர் இறந்து மகன் நடத்துகிறான்.

அம்மாவுக்கு எழுதும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்பது வழக்கம். முழங்கால் வலிக்கிறது. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு இப்போது பதில் எழுதினால் இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

வருகிறேன். என் வாழ்க்கையில் நானும் யாரிடமும் சலுகை கேட்டவள் இல்லை.

குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்காதே.

அம்மா


நாகஓகா
25 மார்ச்

தம்பி தெட்சுவுக்கு,

வாசலில் பனி கரைந்து கறுப்புச் சேறாகக் கிடக்கிறது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் கழுத்துக்கு அனுப்பிய களிம்பை இரவில் மட்டும் தடவு, பகலில் நாற்றம் அடிக்கும்.

நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், எல்லாவற்றையும் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். ரயிலில் வரும்போது முழுக்க இதையே மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன்.

மருந்துப் பெட்டி சுமந்து ஊர் ஊராகப் போகிறவள் என்று என் ஆளை எழுதியபோது குராமோச்சி சிரித்தார். "அக்கா, லீவு நாள்லயும் வேலைதானா? நான் தபால்காரனா ஆடுறேனா பாருங்க." எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

சாயோவை ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் எதிரில் உட்காரவைத்துப் பார்க்கிறேன். கொதாத்சு சூட்டு மேஜையின் மெத்தைக்குள் எல்லோர் காலும் இடித்துக்கொள்கிறது. அவள் கால் என் கால் மேல் பட்டதும் இழுத்துக்கொண்டாள். கதை சொல்லத் தொடங்கியதும் குரல் மாறிவிட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியாது.

பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் ஒரு ஆட்டிடையன் ஒற்றைச் செருப்போடு எதிரே ஓடி வந்தான். "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றான். பிறகு காலியான ஒரு ஊர், அடுப்பில் கஞ்சி தீய்ந்துபோயிருந்தது. ஆற்றங்கரைச் சேற்றில் ஒடிந்த ஈட்டி ஒன்று செருகிக் கிடந்தது. அதைச் சொல்லும்போது சாயோ என்னைப் பார்க்கவில்லை. அது அஸாமியுடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

"திரும்பிடலாம்," என்றார் ஹோரியே.

"நானும் அதான் சொல்றேன்," என்றார் குராமோச்சி. "நாய் குரைச்சாலே தபாலைப் போட்டுட்டு ஓடுறவன் நான்."

நான் போகிறேன் என்றேன். பாலத்தில் கால் வைத்தேன்.

"அம்மா, அவன் உன்னைப் பார்த்துட்டான். பின்னால வழி இருக்கு. இப்போ ஓடினா பிழைச்சுக்கலாம்."

"போறேன்."

"நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு. உருட்டு."

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நான் யோசிக்கவே இல்லை. செருப்பு, கஞ்சி, ஈட்டி எல்லாவற்றையும் கேட்டேன். ஒவ்வொன்றையும் கேட்டபோது என் மனதில் ஓடியது ஒன்றுதான்: இவள் என்னைக் கொல்லமாட்டாள். யாரிடமும் சலுகை கேட்டதில்லை என்று பெருமையாக எழுதிவிட்டு, கேட்காமலேயே கிடைக்கும் என்று நம்பிப் பாலத்தில் நின்றேன்.

அவள் உருட்டினாள். ஒரு பகடை ஆரஞ்சுத் தட்டில் மோதித் திரும்பி அவள் பக்கம் போய் நின்றது. இன்னொன்றும் அதன் பக்கத்திலேயே. அவள் உள்ளங்கை இரண்டின் மேலும் விழுந்தது. யோசித்து வைத்த கை இல்லை அது. அடுப்பில் பால் பொங்கும்போது கை தானாகப் போகுமே, அப்படிப் போனது.

குராமோச்சி கூட வாயில் போட்ட சுளையை மெல்லவில்லை. நீ அவள் பக்கத்தில் இருந்தாய். நீயும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மட்டும் உனக்கு நன்றி.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல? நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு அவமானம் எனக்கு நடந்ததில்லை. எனக்கு வந்த எண்ணை என்னிடமிருந்து மறைக்கிறாள். பார்த்தால் தாங்கமாட்டேன் என்று நினைக்கிறாள். அதே நொடியில் தெரிந்தது, இதைத்தான் அவள் அக்டோபரிலிருந்து விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று. அதனால் கோபம் தணிந்துவிட்டதாக நினைக்காதே. இரட்டிப்பானது.

"கையை எடு, சாயோ."

"அம்மா..."

"எடு."

எடுத்தாள். ஐந்தும் ஆறும். ஆகஸ்டில் உன் தடுப்புக்குப் பின்னால் நான் பார்த்த அதே பதினொன்று.

அவள் அரக்கனின் பலத்தைக் கூட்டி, என் ஆளுக்கு மீதமிருந்ததைக் கழித்தாள். உதடு அசைய அசையக் கணக்குப் போட்டாள். காது இரண்டும் சிவந்திருந்தன. "செத்துட்டே," என்றாள். குரல் நடுங்கவில்லை.

நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நீங்கள் எல்லோரும் அழுகை என்று நினைத்திருப்பீர்கள். பாதி அதுதான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஆறிப்போன டீயை அவள் மாற்றி வைத்திருந்தாள். கால் மறுபடியும் பட்டது. இந்த முறை அவள் இழுத்துக்கொள்ளவில்லை, நானும் இழுக்கவில்லை. வெற்றுத் தாள் ஒன்றையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினாள்.

"புதுசா ஒருத்தியை எழுது," என்றாள். "இந்தத் தடவையாவது ஓடத் தெரிஞ்சவளா எழுது."

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டாய் என்று எழுதியிருந்தாளே, அதற்கும் சொல்லவில்லை. ரயில் நிலையத்துக்கு அவள் வரவில்லை. வேலை கேட்டு ஒரு கடைக்குப் போக வேண்டும் என்றாள். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன், நீ பார்த்திருப்பாய்.

தாள் என் மேஜையில் இருக்கிறது. பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். மீதியை வந்து உருட்டித்தான் போட வேண்டுமாம். ஏப்ரல் முதல் ஞாயிறு மருந்தகத்தில் எனக்கு முறை இல்லை, வருகிறேன்.

உன் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. பருவம் மாறும் நேரம், உடம்பைக் கவனித்துக்கொள்.

இந்த முறை உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அக்கா ஃபுமியே